ஓடுபாதை முனைத் தைலமரம்

விமான விளையாட்டு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் மரம் நடுவது அவனுக்கு உத்தியோகம். உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் இலையப்பன். அவன் வந்து சேரும்வரை அந்த விளையாட்டில் எந்த நாட்டின் மேலே பறந்தாலும் கீழே ஒரே பனிநாட்டு ஊசியிலை மரம்தான் நிற்கும். வெயில் கொளுத்தும் பொட்டலிலும் அதுவே. 'உங்கள் பாலைவனத்துக்கு ஜலதோஷம் பிடித்துவிடப் போகிறது' என்று ஆட்டக்காரர்கள் கிழிகிழியென்று கிழித்தார்கள். இலையப்பன்தான் அந்தந்த மண்ணுக்கு அந்தந்த மரத்தைக் கொண்டுவந்தான். வாய்க்கால் ஓரம் பனை, தூர்ந்த குளத்தில் வேலிக்கருவை, கடலோரம் சவுக்கு. எந்த மரம் எப்போது இலை உதிர்க்கும், மழை விட்டதும் எது முதலில் துளிர்க்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

கடைசியில் அவன் கைக்குச் சொந்த மாவட்டமே வந்தது. அங்கே ஒரு சின்ன விமானத் திடல் உண்டு. வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானங்கள் ஏறி இறங்கும் இடம். அவனுடைய அக்காள் புருஷன் இரண்டு வருஷம் முன்புவரை அங்கே விமானி. ஒரு நாள் மேலே கிளம்பும்போது, ஓடுபாதை முனையில் நின்ற தைலமரத்தில் மோதி விமானம் விழுந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மெக்கானிக் கருகிச் செத்தார். அத்தானுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

மரத்தை அந்த உயரத்துக்கு வளரவிட்ட தோப்புக்காரர்தான் கொலைகாரர் என்று அத்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே சொன்னார். மெக்கானிக்கின் அண்ணனும் சொந்தக்காரர்களும் அன்றைக்கே தோப்புக்குள் புகுந்து மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். தடுக்க வந்த தோப்புக்காரரை அந்த அண்ணன் கோடரியின் பின்பக்கத்தால் அடித்து இடுப்பெலும்பை நொறுக்கினான். விசாரணைக்கு வந்த அதிகாரிகளுக்குப் பார்க்கக் கிடைத்தவை அடிக்கட்டைகள் மட்டுமே. அத்தான் சொன்ன உயரத்தையே எழுதிக்கொண்டு போனார்கள்.

இலையப்பன் அக்காள் வீட்டில்தான் ஓர் அறையில் இருந்தான். கூடத்து மேசையில் இருந்த அவனுடைய கணினியில் அத்தான் தினமும் விமானம் ஓட்டுவார். விளையாட்டில் அந்தத் திடல் தயாரான அன்றைக்கு அவருடைய முதல் கேள்வியே இதுதான்.

"மாப்ள, அந்த மரத்தை வச்சிட்டியா?"

"வச்சிட்டேன் அத்தான். கொட்டகையை விட ரெண்டு மடங்கு உசரம். அந்த வயசுத் தைலமரம் அவ்வளவுதான் வளரும்."

"நாலு மடங்கு."

"நாலு மடங்குக்கு வாய்ப்பே இல்ல அத்தான்..."

பிடரியில் விழுந்தது அறை. இலையப்பனின் நெற்றி கணினித் திரையின் விளிம்பில் போய் இடித்து, புருவத்தில் ரத்தம் கசிந்தது. அத்தானுக்குப் போன காலின் பலமெல்லாம் கையில் வந்து சேர்ந்திருந்தது. "அதுல மோதினவன் நானா நீயா?" என்றார். இலையப்பன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நாலு மடங்கே வைத்தான். கால் போன மனுஷனிடம் ஒரு மரத்துக்காக என்ன மல்லுக்கட்டுவது என்று தோன்றியது.

அதன்பிறகு அத்தான் தினமும் கிளம்பினார், தினமும் அந்த மரத்தில் மோதினார். திரை சிவந்து அணையும். "பார்த்தியா? எவனாலயும் தாண்ட முடியாது!" என்று கத்துவார். ஆனால் அதில் அவருக்குத் திருப்தியும் வரவில்லை. மோதி முடித்ததும் கையில் அகப்பட்டது பறக்கும். ஒரு நாள் தண்ணீர்ச் சொம்பு, ஒரு நாள் நாற்காலி. பிறகு அக்காளின் கன்னத்தில் கன்றிப்போன தடம் தெரிய ஆரம்பித்தது.

"கதவு இடிச்சிருச்சு தம்பி" என்றாள் அக்காள்.

எந்தக் கதவும் அஞ்சு விரலோடு இடிக்காது என்று இலையப்பனுக்குத் தெரியும்.

வெளியீட்டுக்கு முன் ஆடிப் பார்ப்பவர்களிடமிருந்து புகார் வந்தது. பிரிவுத் தலைவி அவனைக் கூப்பிட்டாள். அவள் அதிகம் பேசாதவள், பேசினால் சுருக்கென்று தைக்கும்.

"ஊர் முழுக்க மரம் அசலா இருக்கு. ஓடுபாதை முனையில மட்டும் ஒரு தைலமரம் கோபுரம் மாதிரி நிக்குது. அதுக்கு மட்டும் தனியா என்ன உரம் போட்டீங்க?"

"அதை நேர்ல பார்த்த ஒருத்தர் சொன்னார் மேடம்."

"நேர்ல பார்த்தவங்க ஆயிரம் சொல்வாங்க. பழைய வான்படம் இருக்குல்ல, நிழலை அளந்து பாருங்க."

விபத்துக்கு முந்தின வாரம் மேலிருந்து எடுத்த படம் கிடைத்தது. அதில் கொட்டகையின் நிழலும் மரத்தின் நிழலும் ஒரே பக்கம் விழுந்திருந்தன. கொட்டகையின் உயரம் அவனுக்குத் தெரியும். அளந்தான். நம்பிக்கையில்லாமல் திரும்ப அளந்தான். மரம் கொட்டகையைப் போல இரண்டு மடங்குகூட இல்லை. மரத்தை நிழல் சொன்ன உயரத்துக்குக் குறைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். அத்தானிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாளைக் கடத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தான் கணினி முன்னால் உட்கார்ந்தார். அக்காள் கூடத்து ஓரத்தில் அக்கம்பக்கத்தாரின் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். விமானம் ஓடி, எழும்பி, மரத்துக்கு மேலே சர்வசாதாரணமாகப் போயிற்று.

அத்தான் திரையையே பார்த்தார். மறுபடி கிளம்பினார். வேண்டுமென்றே தாமதமாகத் தூக்கினார். சக்கரத்துக்குக் கீழே இலைகள் அசைந்தன, விமானம் தாண்டியது. இன்னும் தாமதித்தார். அப்போதும் தாண்டியது.

"வெட்டிட்டியா?" என்றார். குரல் தணிந்திருந்தது.

"வெட்டலை அத்தான். அளந்தேன். இதுதான் அதோட உசரம்."

ஊன்றுகோல் சுழன்று வந்ததை அவன் பார்க்கவில்லை. காதோடு சேர்த்து விழுந்தது. உலகமே ஒரு பக்கம் ஊமையாகிப் போயிற்று. கீழே விழுந்தவன் மேசை விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தான். இரண்டாவது அடி அந்தக் கைமேல் இறங்கியது. விரல்கள் முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. "வை! திரும்ப வை! இருந்த மாதிரி வை!" என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு அடி. முதுகு, தோள், முழங்கை. அத்தானின் வாயோரம் நுரை கட்டியிருந்தது.

"அடிக்காதீங்க! அவன் வச்சதுதான் சரி!"

அக்காள்தான். இலையப்பன் அவள் அப்படிக் கத்திக் கேட்டதே இல்லை.

"அந்த மரம் என்னிக்கும் அவ்வளவுதான். தினமும் அதுக்கு மேலதான் பறந்தீங்க. அன்னிக்கு உங்களுக்குச் சாப்பாடு கொண்டாந்துட்டுக் கொட்டகைக்குள்ள நின்னேன் நான். எல்லாத்தையும் கேட்டேன். இஞ்சினுக்கு இழுவை பத்தலை, பாதி மருந்தை எறக்குங்கன்னு அந்த மெக்கானிக் தலைப்பாடா அடிச்சுக்கிட்டார். நீங்க கேட்டீங்களா? பயந்தாங்கொள்ளி, நீயும் ஏறு, எப்படி ஏறுதுன்னு காட்டறேன்னு சட்டையைப் புடிச்சு இழுத்துப் பின்னாடி போட்டீங்க. இப்பவும் அந்த ஆளைப் பின்னாடி ஏத்திக்கிட்டு ஓட்டுங்க பார்ப்போம். மரம் எவ்வளவு உசரம்னு அப்பத் தெரியும்!"

அத்தான் ஊன்றுகோலைப் போட்டுவிட்டு ஒற்றைக் காலில் பாய்ந்தார். பாய்ந்த வேகத்தில் இரண்டு பேரும் துணிக் குவியலின் மேல் விழுந்தார்கள். அவருடைய இரண்டு கைகளும் அக்காளின் கழுத்தில் இருந்தன. அவள் கண்கள் பிதுங்கின. இலையப்பன் தவழ்ந்து போய் நல்ல கையால் அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தான், அசையவில்லை. தோளைக் கடித்தான், வாயில் உப்புக்கரித்தது. அதற்கும் அசையவில்லை.

அக்காளின் வலது கை தரையைத் தடவிக்கொண்டே போயிற்று. இஸ்திரிப் பெட்டி தட்டுப்பட்டது. அதைத் தூக்கி, கொதிக்கும் பக்கத்தை அத்தானின் கன்னத்தோடு சேர்த்து அழுத்தினாள்.

அந்த அலறலில் தெருவே கூடிவிட்டது. கதவை உடைத்துக்கொண்டு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அத்தான் முகத்தைப் பிடித்துக்கொண்டு உருண்டார். அக்காள் எழுந்து, முதலில் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். பிறகுதான் இருமினாள்.

ஆஸ்பத்திரியில் இலையப்பனின் மூன்று விரல்களைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். இடது காது திரும்பாது என்றார்கள். போலீஸ்காரரிடம் அக்காள் அந்த மத்தியானத்து அடிதடியோடு நிறுத்தாமல், இரண்டு வருஷத்துக்கு முந்தைய காலைப்பொழுதையும் சொன்னாள்.

"அப்பவே ஏம்மா சொல்லலை?"

"காலை எடுத்துட்டுப் படுத்திருந்தார். மனசு வரலை. அப்புறம் பயம். பயமே பழகிப்போச்சு."

விமான விசாரணையை மறுபடி திறந்தார்கள். நிழல் விழுந்த படத்தைக் கம்பெனியிலிருந்து பிரிவுத் தலைவியே கொண்டுபோய்க் கொடுத்தாள். முகத்தில் கட்டுப் போட்டிருந்த அத்தான் முதலில் மறுத்தார். பிறகு படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, தண்ணீர் கேட்டாராம். குடித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அங்கிருந்து நேரே சிறைக்குத்தான் போனார்.

அக்காள் கழுத்தில் பட்டிருந்த நீலம் மஞ்சளாக மாறும்வரை பொறுத்திருந்து, தம்பியைக் கூட்டிக்கொண்டு தோப்புக்காரர் வீட்டுக்குப் போனாள். அவர் கட்டிலில் சரிந்து படுத்திருந்தார், நேராக உட்கார அவரால் முடியாது. அக்காள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணிமைக்காமல் கேட்டார். பக்கத்திலிருந்த பித்தளைச் செம்பை எடுத்து வீசினார். அது அவள் தலையை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதி நசுங்கியது.

"ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷமா ஊரே என்னைக் கொலைகாரன்னு சொல்லுது. எங்க வீட்டுக்கு ஒருத்தன் வர்றதில்ல. நீ வாயைப் பொத்திக்கிட்டு அங்க துணி தேய்ச்சுக்கிட்டிருந்தே!"

"ஆமாங்க" என்றாள் அக்காள். அழவில்லை.

அவர் மூச்சிரைப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல எழுந்தார். முகம் வலியில் கோணியது.

"மெக்கானிக் வீடு எனக்குத் தெரியும். அவன் அண்ணன் இந்நேரம் வீட்டுலதான் இருப்பான். என்கிட்டச் சொன்னதை அவன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு. நானும் வர்றேன்."

"அவங்க அடிச்சாங்கன்னா?" என்றான் இலையப்பன்.

"அடிக்கட்டும். கேட்டுட்டு அடிக்கட்டும்" என்றாள் அக்காள்.

இலையப்பன் நல்ல கையை நீட்டினான். தோப்புக்காரர் அதைத் தட்டிவிட்டு, சுவரைப் பிடித்தபடி தானாகவே படியிறங்கினார். அக்காள் அவருடைய செருப்பை எடுத்து முன்னால் போட்டாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காலை நுழைத்துக்கொண்டார். மூன்று பேரும் தெருவில் இறங்கி, அவர் நடக்கக்கூடிய வேகத்திலேயே நடந்தார்கள்.