சிவப்பு வளையம்

தம்பியின் கன்னத்தில் மூன்றாவது செருப்படி விழுந்தபோதும் அவன் கையை உயர்த்தவில்லை. அக்காதான் அடித்தாள். கூடத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெட்டிக்குள், அவள் கணவர் கிடந்தார். வனக்காவலர். மரம் விழுந்து நெஞ்சு நசுங்கிவிட்டது. அந்த மரத்தை அறுத்தவன் தம்பி. அதைவிடப் பெரிய உண்மை இப்போதுதான் அவன் வாயிலிருந்தே வந்திருந்தது.

"எதுக்குடா தள்ளின?"

"ரம்பத்துக்குக் குறுக்க வந்து நின்னாருக்கா. கழுத்தைப் பிடிச்சாரு. ஆத்திரத்துல தள்ளிட்டேன். எந்திரிக்கறதுக்குள்ள மரம் சாஞ்சிடுச்சு."

அந்தக் காட்டின் கிழட்டு மரப்பட்டைகளில் ஒரு சாம்பல்நிறப் பாசி உண்டு. உள்ளங்கை அகலம் படர ஒரு ஆயுள் ஆகும். வேறெந்தக் காட்டிலும் கிடையாது. கணவர் எந்நேரமும் அதையே சுற்றி வந்ததால், "எனக்கொரு சக்களத்தி, மரத்துல ஒட்டிக்கிட்டிருக்கா" என்று அவளே சிரித்திருக்கிறாள். பாசி இருந்த மரங்களை யாரும் தொடக்கூடாதென்று அவர் சிவப்பு வளையம் பூசினார். பாவி மனுஷன், மரம் அறுப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர்கள் தொழிலில் சிவப்பு வளையம் என்றால் 'முதலில் இதை அறு' என்று பொருள்.

தம்பியை மரம் அறுக்க வைத்திருந்த கான்ட்ராக்டர் உள்ளே வந்தார். "வளையம் போட்டது உங்க வீட்டுக்காரர்தானேம்மா? விபத்துன்னு சொல்லிடுங்க, தம்பி தப்பிச்சிடுவான். மிச்ச மரத்தையும் நாளைக்கே முடிச்சிடுவோம்."

தம்பி பாய்ந்தான். ஒரே குத்தில் கான்ட்ராக்டரின் பல் தரையில் தெறித்தது. விடவில்லை, வாசல்வரை இழுத்துப்போய் முகத்தைச் சுவரில் மோதினான். விசாரிக்க வந்த போலீஸ்காரர்கள்தான் பிய்த்து எடுத்தார்கள்.

"விபத்தாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். "கொலைக் கேஸுன்னா காட்டையே பூட்டிடுவாங்க, ஒரு மரம் அறுக்க முடியாது. ஆனா இவன் உள்ள போயிடுவான். யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் தம்பியைப் பார்த்தாள். தாயில்லாப் பிள்ளையென்று இடுப்பில் சுமந்து வளர்த்த பயல். போனவரோ, வாழ்நாளில் அவளிடம் நகை நட்டு எதுவும் கேட்டதில்லை. அந்த மரங்கள் நின்றால் போதும் அவருக்கு.

தம்பி உதட்டு ரத்தத்தைத் துடைத்தான். "சொல்லுக்கா."

"தள்ளினான் சார். என் தம்பிதான் தள்ளினான்."

பெட்டியை வாசல்வரை அவனும் தூக்கட்டும் என்று இன்ஸ்பெக்டர் விட்டார். நால்வர் தூக்கினார்கள், கால்மாட்டில் ஒரு மூலை தம்பியின் தோளில். வெளியே ஜீப்பின் கதவு திறந்திருந்தது. போலீஸ்காரர் அவன் முழங்கையைத் தொட்டார். அவன் விலகியதும் பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. அவள் ஓடிப்போய் அந்த மூலைக்குத் தன் தோளைக் கொடுத்தாள்.