ஊதுற மருந்து

மலருக்குப் புருஷன் வாயை நினைத்தாலே குமட்டும். மகேஸ்வரன் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவன். தூக்கம் வராமலிருக்கப் புகையிலையைக் கன்னத்தில் அதக்கிக்கொள்வான். சிங்க்கில் காவி எச்சில், தலையணை உறையில் காவி எச்சில், சே! அவன் குடித்த கப்பை அவள் கையால்கூடத் தொடமாட்டாள். "அந்தக் கண்றாவிய விட்டாத்தான் என் பக்கத்துல படுக்கலாம்" என்று அவனை ஹாலுக்குத் துரத்தியும் பார்த்தாள். அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு போனானே தவிர, புகையிலையை விடுகிற வழியைக் காணோம்.

இப்போது புண் வந்திருப்பது அவளுக்கு. பெர்மாஸ் ஜெயாவில் ஒரு பல் கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்து, "உப்புத் தண்ணியில கொப்பளிங்க, சம்பாலக் கொறைங்க, நொரை கம்மியான பற்பசை வாங்குங்க, ரெண்டு வாரத்துல ஆறலன்னா டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்று ஊருக்கெல்லாம் ஓதுகிறவள். வீட்டிலோ மிளகாய் அரைத்த சம்பால் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது. நாக்கின் அடியில், தொண்டைக்குக் கிட்டே, கடுகளவில் ரெண்டு வெள்ளைப் புண். எச்சில் விழுங்கினாலே உயிர் போனது.

விரல் எட்டாத இடம். சீன மருந்துக்கடைச் சாம்பல் பொடியை ஸ்ட்ராவில் போட்டு இன்னொருவர்தான் ஊதிவிட வேண்டும். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? புட்டியை எடுத்தாள். முக்கால்வாசி காலி.

"வா லா, நான் ஊதுறேன்," என்று எதிரே உட்கார்ந்தான் அவன்.

"மொதல்ல வாயக் கழுவிட்டு வாங்க."

கழுவியும் நாற்றம் போகவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டாள். "ஆ காட்டு" என்று, குழந்தைக்குச் சோறூட்டுகிறவன் மாதிரி அவனும் வாயைப் பிளந்தான். வேறு வழியில்லாமல் உள்ளே பார்த்தாள். கறை பிடித்த பல், இடுக்கில் புகையிலைத் தூள். நாக்கின் ஓரத்தில், விளிம்பு தடித்து, பத்து சென் காசு அகலத்தில் ஒரு புண்.

"இது எப்போலேர்ந்து?"

"தீபாவளிக்கு முன்னாடியே இருக்கு. நானும் அந்தப் பொடியத்தான் போட்டுக்கிறேன்."

தைப்பூசமே முடிந்துவிட்டது. மலர் ஸ்ட்ராவைத் தட்டிவிட்டு அவன் வாய்க்குள் விரலை விட்டாள். எச்சில் வழிந்தது, அவள் கவனிக்கவில்லை. புண் கல் மாதிரி கெட்டியாக இருந்தது. அழுத்தினாள். அவன் முகம் சுளிக்கவில்லை.

"வலிக்கலயா?"

அவள் விரலை எடுத்ததும் சொன்னான்: "இல்ல. ஆனாலும் காட்டலாம்னு ஒரு நாள் உன்கிட்ட வந்தேன். வாய மூடிக்கிட்டுத் தள்ளிப் போங்கன்னுட்ட."