கவுண்ட்டர் விளிம்பு

கரண்ட் போனதைக்கூடப் பொறுத்திருப்பாள். எலெக்ட்ரீஷியன் சொல்லாமல் கொள்ளாமல் மெயினை அணைத்ததுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. கையிலிருந்த, மர விளிம்பைச் செதுக்குகிற ட்ரிம்மர் முனகிக்கொண்டே நின்றுபோனது. பல் டாக்டர் ஒருவர் மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் திறக்கப்போகிற கிளினிக் அது. வருகிறவர்கள் பெயர் கொடுக்கும் முன்னறைக் கவுண்ட்டருக்கு எட்டடி நீளத்தில் தேக்கு விளிம்பு ஒட்டியாகிவிட்டது. அதன் கூரான மேல்முனையை ட்ரிம்மரால் ஓட்டி உருட்டிவிட்டால், தேய்த்து பாலிஷ் அடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். இரண்டரை மணிக்குள் பாலிஷ் விழாவிட்டால் காலைக்குள் காயாது. இப்போதே மணி பன்னிரண்டே கால்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று வாசல் பக்கம் பார்த்துக் கேட்டாள்.

"பேனல் மாத்துறேன்க்கா. ரெண்டு மணி நேரம், கூடக் கொறைய ஆகும்" என்றான் எலெக்ட்ரீஷியன்.

"காலையிலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"மேஸ்திரிகிட்ட சொன்னேனே."

மேஸ்திரி என்றால் வேறு யாருமில்லை, அவள் புருஷன்தான். அவர் எதற்கும் தலையாட்டுவார். காதில் போனை வைத்துக்கொண்டு ஆட்டிய தலை கணக்கில் சேராது என்பது பதினாறு வருடம் கூட வேலை பார்த்த அவளுக்குத் தெரியும். எலெக்ட்ரீஷியனுக்குத் தெரியாது, பாவம்.

இதைவிட எரிச்சலான விஷயம் ஒன்று அதே அறையில் நடந்துகொண்டிருந்தது. அவளுடைய கொழுந்தன் சுவரோரம் மண்டிபோட்டு, தரையை ஒட்டிய மரப்பட்டிகளை பேட்டரி ஆணி மெஷினால் அடித்துக்கொண்டே போனான். டப். டப். கரண்ட் போனதே அவனுக்குத் தெரியவில்லை. ஊருக்கே மழை பெய்யும்போது ஒருத்தன் மட்டும் நனையாமல் நடந்து போனால் அவனைப் பார்க்க எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவளுக்கு.

"என்ன அண்ணி, மெஷின் நின்னுபோச்சா?"

"இல்ல. அதுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுத்திருக்கேன்."

சிரித்துக்கொண்டே எழுந்து போய், தன் பெட்டியிலிருந்து பேட்டரி ட்ரிம்மரை எடுத்துக் கவுண்ட்டர் மேல் வைத்தான். "இதுல ஓட்டுங்க. ஃபுல் சார்ஜ்."

"உன் பொம்மைய நீயே வெச்சுக்கோ."

இரண்டு வருடமாக இந்தச் சண்டை. அவன் ஒவ்வொன்றாக பேட்டரி மெஷினுக்கு மாறிக்கொண்டே வந்தான். அவள் வயர் மெஷினைக் கையிலிருந்து விடவில்லை. ஆரம்பத்தில் அவள் சொன்ன காரணங்கள் நியாயமானவைதான். பாதி வெட்டில் சார்ஜ் இறங்கினால் வேகம் குறையும், மரம் கருகும். மூன்று பேட்டரி வாங்கும் காசுக்கு வயர் மெஷின் இரண்டு வாங்கலாம். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. வயர் காலில் சிக்கும், பலகை ஓரத்தில் மாட்டி இழுக்கும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தேடியே பாதி நாள் போய்விடும் என்பான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. அப்புறம் நல்ல பேட்டரிகள் வந்து அவளுடைய நியாயங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோயின. கடைசியில் "அதோட சத்தமே சரியில்ல" என்கிற அளவுக்கு இறங்கிவிட்டாள். சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

உண்மையான காரணம் வேறு. எட்டு மாதமாக அவளுடைய வலது கையில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப்போகின்றன. முதலில் எப்போதாவது வந்தது, இப்போது தினம் வருகிறது. வயர் ட்ரிம்மர் ஒல்லி. விரல்களைக் கீழே விளிம்பில் ஊன்றி, உள்ளங்கையாலேயே சமாளித்துத் தள்ளிவிடலாம். பேட்டரி ட்ரிம்மருக்குத் தலையில் கனம். ஓர் அங்குலம் அகலமான விளிம்பின்மேல் அது ஆடாமல் நிற்க மணிக்கட்டு சொன்னபடி கேட்க வேண்டும். அவளுடையது கேட்பதில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். புருஷன் கெட்டவர் இல்லை, அதுதான் பிரச்சினையே. "நீ இனிமே கஷ்டப்பட வேணாம்மா" என்று அன்பாகச் சொல்லி, கடைசி வெட்டைத் தம்பியிடம் கொடுத்துவிடுவார். வேலைக்கு வந்த புதிதில் நாலு வருடம் அவளைப் பலகை தேய்க்க மட்டுமே விட்டார்கள். சண்டை போட்டு, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, ஒரு தடவை சோறு தண்ணி இல்லாமல் கிடந்து வாங்கியது இந்த விளிம்பு வேலை. இன்றைக்கு அவர்கள் வேலை பார்த்த எந்த வீட்டில் எந்தக் கதவைத் தடவினாலும், கையில் வழுக்கிக்கொண்டு போகிற அந்த உருட்டல் அவளுடையது. அதை விடுவதென்றால் அவளுக்கு என்ன மிச்சம்?

பன்னிரண்டரை ஆனது. தேய்க்க வேண்டிய இடத்தையெல்லாம் தேய்த்தாள், தேய்க்க வேண்டாத இடத்தையும் தேய்த்தாள்.

"நான் வேணா ஓட்டிடட்டுமா அண்ணி?" என்று கேட்டான் கொழுந்தன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"உன் வேலைய நீ பாரு."

ஒரு மணிக்குப் புருஷன் வந்தார். வாசலிலேயே போனைப் பையில் போட்டுவிட்டார் என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம். "டாக்டரம்மா மூணு மணிக்கே வர்றாங்களாம். பாலிஷ் ஆச்சா?"

"கரண்ட் இல்ல. எலெக்ட்ரீஷியன் உங்ககிட்ட சொன்னானாம்."

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. கவுண்ட்டர் மேலிருந்த பேட்டரி ட்ரிம்மரைப் பார்த்தார். "அதான் இது இருக்கே. எட்டடி ஓட்ட எவ்வளவு நேரம் ஆகப்போகுது?"

"எனக்கு இது பழக்கமில்லீங்க."

"பதினாறு வருஷமா ஓட்டுற. இதுல என்ன புதுசா பழகணும்? பிடிவாதம் பிடிக்கிற நேரமாம்மா இது?"

அவளுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. முடியாது என்றால் ஏன் என்பார். தம்பி ஓட்டட்டும் என்றால், விளிம்பு வேலையைத் தன் வாயாலேயே விட்டுக்கொடுத்ததாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு ட்ரிம்மரை எடுத்தாள். பட்டனை அழுத்தியதும் அது ஒழுங்காகவே சுழன்றது. முதல் அடி நன்றாகப் போனது. இரண்டாவதும் போனது. எழுந்த சுருள்கள் மெலிதாக, ஒரே சீராக விழுந்தன. சமாளித்துவிடலாம் என்று அவள் நினைத்த இடத்தில்தான் விரல்கள் அணைந்துபோயின. மெஷின் தன் தலைக் கனத்தில் வெளிப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்தது அவள் கைக்குத் தெரியவில்லை, கண்ணுக்குத்தான் தெரிந்தது. அதற்குள் சத்தம் மாறி, மெஷினின் வெட்டும் பல் மரத்தைக் கடித்துவிட்டது.

மூன்றாவது அடியில், எதிரே வந்து நிற்கிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில், விரல் நுனி புதைகிற அளவுக்குப் பள்ளம்.

புருஷனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவர் திரும்பியது தம்பி பக்கம். "ரெண்டு வருஷமா இவ தலையால அடிச்சுக்குறா, பேட்டரி வேலைக்கு ஆகாதுன்னு. கேட்டியா நீ? பாதியில படுத்துடுச்சு பாரு. எல்லாத்தையும் நாளைக்கே தூக்கிப் போடு."

கொழுந்தன் அவள் கையிலிருந்து ட்ரிம்மரை வாங்கினான். பேட்டரியில் இருந்த சின்னப் பொத்தானை அழுத்திப் பார்த்தான். நான்கு பச்சை விளக்குகளும் எரிந்தன. கட்டைவிரலை அதன்மேல் வைத்து மூடிக்கொண்டான்.

"ஆமாண்ணே. சார்ஜ் இறங்கியிருக்கு. என் தப்புதான், பாக்காம குடுத்துட்டேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் அவள் பக்கம்தான். பேட்டரி தொலைந்தது, வயர் ஜெயித்தது, விளிம்பு அவளிடமே இருக்கும். ஆனால் அந்தக் கட்டைவிரலைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பாள். இவன் பரிதாபப்படுகிறான்.

"எப்ப தெரியும் உனக்கு?" என்றாள்.

அவன் தரையைப் பார்த்தான். "ஸ்க்ரூவை இடது கையால எடுக்க ஆரம்பிச்சீங்கள்ல. அப்பவே."

"என்ன தெரியும்? யாருக்கு?" என்றார் புருஷன்.

"சார்ஜெல்லாம் ஃபுல்லா இருக்கு" என்றாள் அவரிடம். "என் கைதான் சரியில்ல. எட்டு மாசமா விரல்ல உணர்ச்சியே இல்ல. அவன் மெஷின் மேல ஒரு குறையும் கிடையாது. போதுமா?"

அவர் அவள் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். விரல் விரலாக அழுத்தி, "இது தெரியுதா? இது?" என்று கேட்டார். மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் மட்டும் ஆமாம் சொன்னாள். எலெக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். பிறகு அவள் எதிர்பார்த்த அதே வார்த்தை, எதிர்பார்த்த அதே அன்போடு வந்தது. "நீ இனிமே கஷ்டப்பட வேணாம்மா. டாக்டர்கிட்ட போவோம். விளிம்பெல்லாம் தம்பி பாத்துக்குவான்."

மணி ஓடிக்கொண்டிருந்தது. வெட்டிப்போட்ட தேக்குத் துண்டுகளைக் கிளறி, ரேகை ஒத்துப்போகிற ஒன்றை அவள்தான் தேடி எடுத்தாள். பள்ளத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டாள். கொழுந்தன் உளியால் அந்த இடத்தைச் சதுரமாக எடுத்து, துண்டைச் செதுக்கி, சீக்கிரம் இறுகுகிற பசை வைத்துப் பொருத்தினான். இருபது நிமிடம் மூவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் ஒட்டுத் துண்டை விளிம்போடு மட்டமாக இழைத்துவிட்டு, அவன் ட்ரிம்மரை எடுத்தான். ஒரு நொடி அவளைப் பார்த்தான்.

"ஓட்டு" என்றாள். "ரெண்டாவது அடியிலேருந்து ஆரம்பி. அவசரப்படாத."

ஓட்டினான். நிறுத்தாமல், ஆடாமல், எட்டடி முடியும்வரை ஒரே மூச்சில் ஓட்டினான். தேய்ப்பும் முடிந்து மணி இரண்டு அடித்தபோது புருஷன் பாலிஷ் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றாள்.

குனிந்து, இடது உள்ளங்கையை விளிம்பின்மேல் வைத்தாள். ஒரு மேடு, ஒரு பள்ளம், ஒட்டு வைத்த இடத்தில் ஒரு சின்ன நெருடல், ஏதாவது ஒன்று இருந்தே தீரும். மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள். மூன்றாவது அடியைத் தாண்டினாள். சுவர்வரை போய், திரும்பி, இன்னொரு முறை தடவினாள். ஒன்றும் கிடைக்கவில்லை.