இறங்காத கை

ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாம் மாடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே நாத்தனார், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல். கீழே முற்றத்தில், கேட்டை ஒட்டிய சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் கணவரும் குடியிருப்புச் செயலாளரும் நின்றார்கள். வேடிக்கை பார்க்கப் பாதிக் கட்டிடம் கூடியிருந்தது. கார் நிறுத்துமிடத்துப் புகையை இழுத்து வெளியே தள்ளும் பெரிய காற்றாடி மொட்டை மாடியில் இருக்கிறது. அதைக் கணவர் தன் இஷ்டத்துக்குப் போடுவார், நிறுத்துவார். ஓடினால் அவள் கையைத் தூக்க வேண்டும், நின்றால் இறக்க வேண்டும். கை ஜன்னல் வழியே கீழே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு தடவை தப்பினாலும் தனக்கு மட்டும் கேட்கும் அந்தச் சத்தத்தைப் பற்றி இனி வாயைத் திறப்பதில்லை, நாத்தனார் சொல்லும் மனநல மருத்துவரைப் போய்ப் பார்ப்பது என்று ஒப்புக்கொண்டிருந்தாள்.

இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து வந்த வினை இது. தலையணையில் காதை வைத்தால் போதும், சுவருக்குள் எங்கோ ஒரு உறுமல். சத்தம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது, இல்லை என்று விட்டுத்தொலைக்கவும் முடியாது. கணவருக்குக் கேட்கவில்லை. நாத்தனாருக்குக் கேட்கவில்லை. செயலாளர் ஒருநாள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வந்து, அறை நடுவில் நின்று அளந்து, "முப்பது டெசிபல்மா. லைப்ரரியே இதவிட சத்தமா இருக்கும்" என்று சிரித்துவிட்டுப் போனார். பெரும்பாலான காதுகள் மிகத் தாழ்ந்த சுருதி ஒலிகளைப் பொருட்படுத்துவதில்லை என்பதால், அந்த அளவீடும் அவற்றைக் கழித்துத்தான் காட்டும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "எல்லார் காதும் ஒண்ணா சார்? கேட்கற எல்லை ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்." அவர் அதற்குள் படியிறங்கிவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், காதை அளப்பதுதான் அவள் பிழைப்பு. மருத்துவமனையில் கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார்ந்து பொத்தானை அழுத்துவாள், உள்ளே இருப்பவர் 'பீப்' சத்தம் கேட்டதும் விரலைத் தூக்க வேண்டும். வருகிறவர்கள் எல்லாம் 'பீப் மேடம்' என்பார்கள். கேட்காத சத்தத்துக்கு விரல் தூக்குகிறவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். பாஸாகிவிட வேண்டும் என்ற தவிப்பில், நிசப்தத்திலும் அவர்களுக்கு ஏதோ ஒன்று கேட்டுவிடும். பாவம், பொய் சொல்கிறோம் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. தானும் அப்படி ஆகிவிட்டோமோ என்பதுதான் இந்தச் சில மாதங்களாக அவளை அரித்தது. இல்லாததைக் கேட்கிற காதை வைத்துக்கொண்டு நாளைக்கு எந்த முகத்தோடு அந்தப் பொத்தானைத் தொடுவாள்?

உறுமல் தொடங்கியது. கையைத் தூக்கினாள். நின்றது. இறக்கினாள். கணவர் பள்ளி ஆசிரியர், காப்பி அடிப்பவர்களைப் பிடித்தே பழகியவர். தாளம் பிடித்துத் தப்பித்துவிடக் கூடாது என்று போட்டதும் நிறுத்தினார், நிறுத்திவிட்டு ஒரு யுகம் சும்மா நின்றார். மறுபடி போட்டார். கை ஒருமுறைகூடப் பிசகவில்லை. வெயில் ஏறி முதுகில் சுட்டது. கீழே இருந்த சலசலப்பு அடங்கிக்கொண்டே வந்தது. நாத்தனாரின் புருவம் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

மறுபடி உறுமல். கை உயர்ந்தது. உயர்ந்தது உயர்ந்தபடியே நின்றது.

கீழே யாரோ சிரித்தார்கள். பிறகு பலர். கணவரின் குரல் மேலே வந்தது. அதில் ஜெயித்த தோரணை இல்லை, தோற்றவர் குரலாக இருந்தது.

"ஏம்மா... கைய இறக்கு. ஆஃப் பண்ணி ரொம்ப நேரமாச்சு."

"போதும்மா, இறக்கு," என்றார் நாத்தனார். அவர் குரலும் இளகியிருந்தது. "இதுல என்ன அவமானம். டாக்டர்கிட்ட நானே கூட வரேன்."

கண்ணாடி அறைக்குள் நிசப்தத்துக்கு விரல் தூக்கிய அத்தனை முகங்களும் அவள் கண்முன் வந்துபோயின. கண்ணை மூடினாள். எந்தச் சமாதானமும் சொல்லிக்கொள்ளாமல், வெறுமனே கேட்டாள். இருக்கிறது. முன்பைவிட மெலிந்து, கொஞ்சம் அவசரமாக, ஆனால் இருக்கிறது. கை வலித்தது. இறக்கவில்லை.

"இல்ல அண்ணி. ஓடுது." திரும்பாமலே கீழே கேட்கும்படி கத்தினாள். "ஏங்க! இன்னும் ஓடுது! பக்கத்துல மேலேர்ந்து வர்ற காத்துக் குழாய் இருக்கு பாருங்க, அதைத் தொட்டுப் பாருங்க!"

சிரிப்பு இன்னொரு சுற்று வந்தது. பிறகு திடீரென்று நின்றது.

"சார்," என்றார் கணவர். "இது நடுங்குது சார்."

"நடுங்குதா? நீங்கதான் ஆஃப்..." செயலாளரின் குரல் பாதியில் நின்றது. "அட கடவுளே. மேல இதே குழாய்ல இன்னொரு சின்ன ஃபேன் இருக்கு. வெயில் ஏறினா தானா ஓடும். அதுக்கு வேற சுவிட்ச். போட்ட நாள்லேர்ந்து அதை மறந்தே போயிட்டேன்!"

பெட்டிக் கதவு கிறீச்சிட்டது. ஏதோ ஒரு விசை டக்கென்று விழுந்தது. அந்தக் கணமே உறுமல் அறுந்தது. அவள் இறக்கவில்லை, கை தானாக மடியில் விழுந்தது. அந்த வீடு முழுக்க அமைதியாக இருந்தது. கீழே யாரோ கை தட்ட, முற்றமே தட்டத் தொடங்கியது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும். தன் காது தன்னை ஏமாற்றவில்லை. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"பாம்புக் காதுடி உனக்கு," என்றார் நாத்தனார், வாயில் கை வைத்தபடி. "இனிமே உன் வீட்ல உக்காந்து என் தம்பிகிட்ட ரகசியம்கூடப் பேச முடியாது போல!"

அவள் எழுந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். எல்லா முகங்களும் மேலே பார்த்தன. கணவர் மட்டும் பார்க்கவில்லை. குழாயில் உள்ளங்கையைப் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

"சார், இன்னொரு தடவை போடுங்க," என்றார். "சொல்லாம போடுங்க."

செயலாளர் பெட்டி மேல் குனிந்து மறைத்துக்கொண்டார். மேலே ஜன்னலில் அவளுடைய விரல் உயர்ந்த அதே நேரத்தில், கீழே, கண்ணைத் திறக்காமலே, அவருடைய விரலும் உயர்ந்தது.