ரெண்டு ஜாக்கெட், ஒரு தெர்மாமீட்டர்

கத்திரி வெயில் தொடங்க இன்னும் ஆறே நாள் இருந்த ஒரு சனிக்கிழமை. மேற்குத் தாம்பரத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஆளுக்கொரு மின்கம்பத்தின் நிழலில் ஒருக்களித்து ஒதுங்கியிருந்த மத்தியானத்தில், செம்பாக்கத்து ஆல்வின் குளிர் ஜாக்கெட் வாங்கக் கிளம்பினான்.

முதல் கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஜுரமா தம்பி?" என்றார் அக்கறையாக.

இரண்டாவது கடையில் மழைக்கோட்டு எடுத்துப் போட்டார்கள். மூன்றாவது கடையில் பைக் பந்தயக்காரர்கள் போடுகிற கறுப்புத் தோல் கோட்டு. அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்த ஆல்வின், எதிரே நிற்பவன் தன் பர்ஸைக் கேட்கப் போகிறான் என்று ஒரு கணம் பயந்தேவிட்டான்.

ஆல்வினுக்கு முப்பத்திரண்டு வயது. தொழில், ஏசி மெக்கானிக். சேலையூர் முதல் பெருங்களத்தூர் வரை எத்தனையோ படுக்கையறைகளைக் குளிர வைத்தவன். ஆனால் அவனுக்குக் குளிர் ஆகாது. சும்மா ஆகாது இல்லை, சுத்தமாக ஆகாது. மார்கழியில் பால் பாக்கெட் வாங்க மங்கி குல்லாவோடுதான் படி இறங்குவான். அவன் வீட்டில் ஏசி கிடையாது. மின்விசிறி மே மாதத்திலும் இரண்டாம் நம்பரைத் தாண்டாது. வாடிக்கையாளர் வீட்டில் சர்வீஸ் முடித்து, பதினாறில் வைத்து, "சில்லுனு வருதா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் மொட்டை மாடிக்கு ஓடுவான். வெளி யூனிட் ஊதும் அனல்காற்றில் இரண்டு நிமிடம் முதுகைக் காட்டி நின்றால்தான் போன உயிர் திரும்பி வரும். 'வெளி யூனிட்டைக்கூட எவ்வளவு பொறுப்பாகப் பார்க்கிறார்!' என்று எழுதி, ஜனங்கள் ஐந்து நட்சத்திரம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப்பட்டவன் போன மாதம் வண்டலூருக்குப் பெண் பார்க்கப் போனான்.

பெண் பெயர் ஜீவிதா. குரோம்பேட்டையில் பிசியோதெரபிஸ்ட். வருடத்துக்கு இரண்டு தடவை மலை ஏறாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காதாம். கேக்கும் மிக்சரும் வந்த பிறகு அவளே நேராகப் பேச்சை எடுத்தாள்.

"மே மாசம் எங்க குரூப் ஹிமாச்சல் போகுது. சித்தி, சித்தப்பாவும் வர்றாங்க. நீங்களும் வாங்க, ஆறு நாள். மூவாயிரம் மீட்டருக்கு மேல ஒரு மனுஷன் எப்படி இருப்பாருன்னு சோஃபால உக்காந்து மிக்சர் சாப்பிடறப்ப தெரியாது. போய்ட்டு வந்து எங்க வீட்ல சரியா இல்லையான்னு சொல்லிடறேன். குளிர் தாங்குவீங்கல்ல?"

ஆல்வின் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். வெளியே வந்தது வேறு.

"நான் ஏசி மெக்கானிக்குங்க. குளிர் என் கூடப் பொறந்தது."

ஜீவிதா சிரித்தாள். ஒரு பல் மட்டும் லேசாகப் பக்கத்துப் பல்மேல் ஏறியிருந்தது. அவ்வளவுதான். அன்றிலிருந்து ஏணிமேல் நின்று ஏசி கழற்றும்போதெல்லாம், வாயில் திருகாணியைக் கவ்விக்கொண்டு தானாகச் சிரித்தான். இரண்டு திருகாணி வயிற்றுக்குப் போகப் பார்த்தன.

பிறகு வாட்ஸ்அப்பில் அவளிடமிருந்து வந்த குறிப்பு இது: 'சாஃப்ட்ஷெல் ஜாக்கெட் ஒண்ணு வாங்கிக்கோங்க. பஞ்சு மூட்டை மாதிரி இருக்கறது வேணாம். காத்தைத் தடுக்கணும், தூறல் தாங்கணும், கையைத் தூக்கினா இழுக்கக் கூடாது. ஊருக்கு வந்தப்புறம் தினமும் போட்டுக்கற மாதிரியும் பாருங்க.'

ஊருக்கு வந்தப்புறம்! அந்த இரண்டு வார்த்தையை ஆல்வின் முப்பது தடவை படித்தான். வந்தப்புறமும் நாம் இருப்போம் என்று அவள் நினைக்கிறாள். தாம்பரத்தில் தினமும் அதைப் போட்டுக்கொண்டால் எத்தனை நாள் இருப்போம் என்பது வேறு கேள்வி.

கடைசியில் ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு பெரிய விளையாட்டுச் சாமான் கடையில் சரக்கு கிடைத்தது. விற்பனையாள் ஃபிரெடி, ஒன்றுக்கு இரண்டாக எடுத்து விரித்தான். ஒன்று கருநீலம்: மெல்லிசு, கையைத் தூக்கினால் தோளோடு வளைந்து வந்தது. இன்னொன்று பாசிப்பச்சை: உள்ளே பூனைக்குட்டி வயிறு மாதிரி மெத்தென்ற துணி.

"ரெண்டுமே நல்லா போகுது சார்."

"யாருக்குங்க போகுது, இந்த ஊர்ல?"

ஃபிரெடி யோசித்தான். "நீங்கதான் சார் இந்த மாசம் ஃபர்ஸ்ட்டு."

துணி மாற்றும் அறையில் பச்சையைப் போட்டான், வியர்த்தது. நீலத்தைப் போட்டான், அதிலும் அதே வியர்வை. எது குளிரை அதிகம் தடுக்கும் என்று முப்பத்தொன்பது டிகிரியில் எப்படிக் கண்டுபிடிப்பது? தொட்டியில் தண்ணீர் இல்லாமல் மோட்டாரைச் சோதித்துப் பார்க்கிற கதைதான். இரண்டையுமே வாங்கினான். ஒரு வாரத்துக்குள் ஒன்றைத் திருப்பித் தரலாம் என்றான் ஃபிரெடி.

சோதித்துப் பார்க்க வழி சொன்னவன் சேட்டு. ஆல்வினின் பள்ளிக்கூடத் தோழன். முடிச்சூர் ரோட்டில் ஒரு ஐஸ்கிரீம் ஏஜென்சியின் குளிர்கிடங்கு அவன் பொறுப்பில் இருந்தது.

"இன்னா மச்சான், இதுக்கா பேஜார் பண்ணிக்கினு கீற? நம்ம ரூம்ல மைனஸ் பதினெட்டு கீது. அந்த ஹிமாச்சல்காரன் வந்தாக்கூட ஆடிப் பூடுவான். நாளிக்கு ஞாயித்துக்கெயம, லோடு இல்ல. வந்து டெஸ்ட்டு பண்ணிக்க."

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, மூன்று மணிக்கு ஆல்வின் அங்கே ஆஜரானான். தோளில் தொழில் பை. எந்தச் சோதனையையும் அவன் ஒரே மாதிரிதான் செய்வான். ஏசியில் காற்று வருகிற இடத்தில் தெர்மாமீட்டர் ஒயரைச் செருகி, அறையின் அளவையும் எடுத்து, இரண்டையும் சர்வீஸ் தாளில் எழுதுவது. அதே ஒயரை இப்போது சட்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே விட்டு, கழுத்து வழியாக மீட்டரை வெளியே தொங்கவிட்டுக்கொண்டான்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து ஓடியாந்தவன் மாரியே கீற," என்றபடி சேட்டு கனத்த கதவைத் திறந்துவிட்டான்.

முதலில் நீலம். குச்சி ஐஸ் பெட்டிகளுக்கும் ஃபேமிலி பேக் டப்பாக்களுக்கும் நடுவே ஆல்வின் அசையாமல் நின்றான். ஆடினால் அளவு தப்பும் என்பது தொழில் பாடம். முப்பத்து நாலில் இருந்த மீட்டர் முப்பது, இருபத்தாறு, இருபத்திரண்டு என்று லிஃப்ட் மாதிரி கீழே இறங்கியது. ஐந்தாம் நிமிடம் பத்தொன்பது. வெளியே ஓடிவந்து, தகரக் கூரைக்குக் கீழே வெக்கையில் பத்து நிமிடம் வறுபட்டுவிட்டு, பச்சையோடு மறுபடி உள்ளே போனான். இந்தத் தடவை மீட்டர் இருபத்தொன்று காட்டியது. கதவைத் தட்டக்கூடத் தேவைப்படவில்லை. பல் அடித்துக்கொண்ட சத்தத்திலேயே சேட்டு திறந்துவிட்டான்.

வெளியே வந்ததும் ஆல்வின் சர்வீஸ் தாளில் எழுதினான்:

நீலம் - 5 நிமிடம் - 19.
பச்சை - 5 நிமிடம் - 21.
பழுது: ஜாக்கெட்டில் இல்லை. உள்ளே இருக்கும் யூனிட்டில்.

எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கிளம்புவதற்குள் பஞ்சு மூட்டை ஒன்றும் மூன்று ஸ்வெட்டரும் வாங்கிச் சமாளிக்கலாமா என்று மனசு கணக்குப் போட்டது.

சேட்டு தாளை எட்டிப் பார்த்தான். "உண்மைய சொல்லிடு மச்சான். இங்கேயே டபாய்ச்சிகினு கீற, மலைமேல போய் இன்னா பண்ணுவ? ஓடிப் போய் நிக்கறதுக்கு அங்க அவுட்டோர் யூனிட்டு கீதா?"

"சொன்னா வேணாம்னுடுவாடா."

"சொல்லாம போனா செத்துப் பூடுவ. ரெண்டுல எது சோக்கா கீதுன்னு நீயே பாத்துக்க."

ஆல்வின் போனை எடுத்தான். இரண்டாவது மணியில் ஜீவிதா எடுத்துவிட்டாள். எடுக்காமல் இருந்திருக்கலாம்.

"ஜீ… ஜீ… ஜீவிதா…"

"என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"ந-நல்லா இருக்கேங்க. குளிருது."

"எங்க இருக்கீங்க?"

"முடிச்சூர்ல."

"முடிச்சூர்லயா குளிருது?"

ஆல்வின் எல்லாவற்றையும் கொட்டினான். மங்கி குல்லா, இரண்டாம் நம்பர் மின்விசிறி, மொட்டை மாடி, கூடப் பிறக்காத குளிர், இரண்டு ஜாக்கெட், பதினெட்டு, பத்தொன்பது, இருபத்தொன்று. "நான் வந்தா உங்களுக்குத்தான் பாரம். நீங்க போய்ட்டு வாங்க. வீட்ல வேணாம்னு சொல்லிடுங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்," என்று முடித்தான். கடைசி வாக்கியம் சுத்தப் பொய், சாகும்வரை நினைப்பான்.

"லொகேஷன் அனுப்புங்க," என்றாள் ஜீவிதா. வைத்துவிட்டாள்.

அவள் வந்து சேர ஆன இருபத்தைந்து நிமிடத்தில் ஆல்வின் குடித்த டீ மூன்று. திட்டுவதற்கு ஏன் நேரில் வருகிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. வாட்ஸ்அப்பே போதுமே.

ஸ்கூட்டர் வந்து நின்றது. முகத்தில் சுற்றியிருந்த துப்பட்டாவை அவிழ்த்துவிட்டு ஜீவிதா அவனைப் பார்த்தாள். கழுத்திலிருந்து தொங்கிய ஒயரைப் பார்த்தாள். பெஞ்சில் கிடந்த சர்வீஸ் தாளை எடுத்து, வரிவரியாக, எக்ஸ்ரே படிக்கிற மாதிரி படித்தாள். சிரிக்கவில்லை.

"அஞ்சு நிமிஷம் உள்ள என்ன பண்ணீங்க?"

"நின்னேங்க."

"சும்மாவா?"

"ஆடாம நின்னாத்தான ரீடிங் கரெக்டா வரும்?"

அப்போதுதான் சிரித்தாள். சிரித்தாள் என்றால், ஸ்கூட்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சேட்டுவுக்கும் தொற்றிக்கொண்டது. எதற்கென்று தெரியாமல் ஆல்வினும் சேர்ந்துகொண்டான்.

"சாஃப்ட்ஷெல் நிக்கற ஆளுக்குத் தைச்சது இல்லங்க! நடக்கறவங்களுக்கு. நீங்க ஏறறப்போ வர்ற சூட்டை வெச்சுத்தான் அது வேலை செய்யும். காத்தை வெளிய நிறுத்தும், வேர்வையை வெளிய விடும். நின்னுட்டா உள்ள இன்னொண்ணு போட்டுக்கணும், நானே போட்டுப்பேன். நீங்க ஏசிய டெஸ்ட் பண்ற மாதிரி இதை டெஸ்ட் பண்ணியிருக்கீங்க. அண்ணா, கதவைத் திறங்க!"

"வா தங்கச்சி," என்றான் சேட்டு, உறவு முறையைத் தானே முடிவுசெய்தவனாக.

ஜீவிதா பச்சையை எடுத்துச் சுடிதார்மேல் மாட்டி, நீண்டு தொங்கிய கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள். ஆல்வின் நீலம். கதவு சாத்தியதும் அவள் ஆஸ்பத்திரிக் குரலுக்கு மாறினாள்.

"ம், முட்டிய தூக்குங்க. இன்னும் மேல. இடது, வலது. கைய வீசுங்க. மீட்டரைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க!"

அது ஆல்வினுக்குச் சுலபமான உத்தரவு. பெட்டி வரிசைகளுக்கு நடுவே இரண்டு பேரும் மலையேறினார்கள். அந்தக் கோடிக்குப் போய், திரும்பி, மறுபடியும். மீட்டர் இருபத்தாறு வரை இறங்கி, தயங்கி, நின்றது. ஜீவிதா வாயிலிருந்து புகை புகையாகக் காலடிக் கணக்கு வந்தது. "முப்பத்தஞ்சு, முப்பத்தாறு, நிக்காதீங்க!" மீட்டர் இருபத்தெட்டு. முப்பது. ஆல்வின் கையைத் தூக்கி ஆர்ப்பரித்தான். ஜாக்கெட் இழுக்கவில்லை, ஆனால் மேல் வரிசைக் கோன் பெட்டி ஒன்று சரிந்து விழுந்தது.

"யோவ், கோனு!" என்று வெளியிலிருந்து சேட்டு அலறினான்.

"ஏன் பொய் சொன்னீங்க?" முட்டி தூக்கியபடியே கேட்டாள் ஜீவிதா.

"யோசிச்சு சொல்லலங்க, வாயில வந்துடுச்சு. நீங்க சிரிச்சீங்க. அதுக்கப்புறம் திருப்பி வாங்கிக்க மனசு வரல."

அவள் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பினாள். "போன வருஷம் சித்தப்பா குளிரவே இல்ல, குளிரவே இல்லன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. கடைசில நாலு பேர் தூக்கிட்டு இறங்கினோம். குளிருதுன்னு சொல்ற ஆளுக்கு ஸ்வெட்டர் குடுத்துடலாம். சொல்லாத ஆளை என்ன பண்றது? நீங்க கீழயே சொல்லிட்டீங்க, அதுவும் ரீடிங்கோட."

மீட்டர் முப்பத்திரண்டு. ஆல்வினுக்கு அது ஜாக்கெட்டின் வேலையா வேறெதன் வேலையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தாளில் அதற்கு இடமும் இல்லை.

வெளியே வந்ததும் தாம்பரத்து வெயில் இருவரையும் அடித்துப் போட்டது. ஜாக்கெட்டைக் கழற்ற இருவருக்கும் நினைவில்லை. நசுங்கிய கோன்களைச் சேட்டு ஆளுக்கு ஒன்றாகக் கையில் திணித்துவிட்டு, மீதியைத் தானே சாப்பிட ஆரம்பித்தான். ரோட்டில் போன ஷேர் ஆட்டோ ஒன்று வேகம் குறைத்தது. உள்ளே இருந்த ஏழு பேரும் தலையை வெளியே நீட்டி, மே மாத வாசலில் ஜிப்பைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிடும் ஜோடியைப் பார்த்தார்கள்.

ஜீவிதா ஒரு கையில் கோனும் ஒரு கையில் போனுமாக அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"டாடி, அவங்க வீட்டுக்கு போன் பண்ணி சரின்னு சொல்லிடுங்க… இல்ல, ஹிமாச்சல் வரைக்கும் வெயிட் பண்ண வேணாம்… நல்லா யோசிச்சுட்டேன்… மலையா? ஏறுவாரு டாடி. கொஞ்சம் நடுங்குவாரு, ஆனா ஏறுவாரு."

ஆல்வின் கையிலிருந்த கோன் முழங்கை வழியாக உருகி, கருநீலத் துணியில் முத்து முத்தாக நின்று, ஒட்டாமல் வழுக்கி ஓடியது. தூறல் தாங்கும் என்பது நிஜம்தான் என்று அவன் நினைத்துக்கொண்டான்.