ஆயிரத்து நானூறு தாலாவின் பெயர்

அந்த ஊர்த் தேவாலயத்தில் பாட்டு சுருதி தப்பினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பிரசங்கத்தின்போது பாதிப் பேர் தூங்குவார்கள், போதகருக்கும் அது தெரியும். ஆனால் கடைசியில் செயலாளர் தவித்தா எழுந்து மூக்குக்கண்ணாடியை மாட்டினாரோ, கைக்குழந்தைகூட வாயை மூடிக்கொள்ளும். போதகருக்கு எந்தக் குடும்பம் எத்தனை தாலா காணிக்கை கொடுத்தது என்று அவர் உரக்க வாசிக்கும் நேரம் அது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தென்கடலில் உள்ள இந்தச் சவாயித் தீவில் ஒவ்வொரு வீட்டின் மானமும் இப்படித்தான் ஏறும், இறங்கும்.

மாசினா பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள். தலையிலிருந்த தாழைத் தொப்பியைச் சரிசெய்தாள், மறுபடியும் சரிசெய்தாள். அவள் அப்பா இறந்ததிலிருந்து அந்த வாசிப்பில் சுலுமோவானா என்ற பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. அது குடும்பத்தலைவர் தாங்கும் பட்டப்பெயர். நிலமும், ஊர்ச்சபை வீட்டில் சாய்ந்து உட்கார ஒரு தூணும் அந்தப் பெயரோடுதான் வரும். கடலின் தீப்பந்தம் என்று பொருள். புயலில் திசை தெரியாமல் தத்தளித்த படகுகளுக்காக, கழுத்தளவு தண்ணீரில் பந்தம் பிடித்து நின்றவர் முதல் சுலுமோவானா. அப்படிப்பட்ட பெயர் கேட்பாரற்றுக் கிடந்தால் பெற்ற மகளுக்கு வயிறு எரியாதா?

குடும்பம் இன்னும் யாருக்கும் பட்டம் கட்டவில்லை. ஆனால் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அந்தப் பெயரில் யார் போதகருக்குக் கொடுத்து, அது வாசிக்கப்படும்போது ஒருவரும் முணுமுணுக்கவில்லையோ, அவருக்குப் பாதிப் பட்டம் வந்த மாதிரி. அதனால்தான் வெள்ளிக்கிழமை மாசினா தன் கொழுத்த பன்றியைச் சந்தைக்கு ஓட்டிப்போனாள்.

அவள் புருஷன் லவுத்தி வாசலை மறித்தான். “பன்னிய வித்துப் பேரை வாங்கப்போறியாக்கும். பேரை வேகவச்சுத் திங்க முடியுமாடி?”

“நீ பேரில்லாத ஆளு, உனக்கென்ன தெரியும். வழிய விடு.”

அவன் சிரித்துக்கொண்டே விலகினான். பன்றி அறுநூறு தாலாவுக்குப் போயிற்று.

சிக்கல் என்னவென்றால், பெரியப்பா மகன் ஃபெலேத்தியும் அதே வாரம் ஆக்லாந்திலிருந்து வந்து இறங்கியிருந்தான். பளபளவென்று கறுப்புச் சப்பாத்து, கையில் பெரிய பை. அவன் எதற்கு வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அவள் எதற்குப் பன்றியை விற்றாள் என்று அவனுக்கும் தெரியும். ஆனால் இந்த மண்ணில் அண்ணன் தங்கையோடு வாய்ச்சண்டை போடக் கூடாது. அவள் முன்னால் குரலை உயர்த்தினாலே ஊர் காறித் துப்பும். ஆகவே இருவரும் மழையைப் பற்றியும் விமானக் கட்டணத்தைப் பற்றியும் மட்டும் பேசினார்கள். ஞாயிறு காலை, ஒருவருக்கொருவர் தெரியாமல், அதே பெயர் எழுதிய ஆளுக்கொரு உறையைத் தவித்தாவின் மேசையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

தவித்தா தொண்டையைக் கனைத்தார். இருநூறு, முந்நூற்றைம்பது என்று பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. “சவோலோ குடும்பம், ஆயிரம் தாலா.” சபையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. சவோலோ தாடையைத் தடவிக்கொண்டார். போதகர்கள் மாறினாலும் முதலிடம் அவருக்குத்தான், அந்த மிதப்பு அவர் முகத்திலேயே ஒட்டியிருக்கும்.

“சுலுமோவானா குடும்பம்.” மாசினா நிமிர்ந்தாள். “ஆயிரத்து நானூறு தாலா.”

அவள் திடுக்கிட்டாள். கொடுத்தது அறுநூறு அல்லவா? திரும்பி ஃபெலேத்தியைப் பார்த்தாள். அவன் வாய் பிளந்தபடி இவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று விளங்கிவிட்டது. ஒரு பெயருக்கு ஒரு வரிதான் வாசிப்பது என்பதால், தவித்தா இரண்டு உறையையும் கூட்டிவிட்டிருக்கிறார். இவன் எண்ணூறு போட்டிருக்கிறான்.

யாராவது ஒருவர் எழுந்து, ஐயா அது தனி, இது தனி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எண்ணூறும் அறுநூறுமாகப் பிரிந்து, சவோலோ மறுபடி மேலே போய் உட்கார்ந்துகொள்வார். அண்ணனும் தங்கையும் உதட்டைக் கடித்துக்கொண்டு பிடித்து வைத்த பிள்ளையார் போல் உட்கார்ந்திருந்தார்கள். மாசினாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பா பெயர் எல்லாருக்கும் மேலே நிற்கிறது என்று நினைத்ததும் கண்ணும் நிறைந்துவிட்டது.

ஆராதனை முடிந்ததும் போதகர் பக்கத்திலிருந்த தன் வீட்டு வாசலில் நின்றார். ஊர்த்தலைவர்கள் அங்கே மதியச் சாப்பாட்டுக்குக் கூடும் நாள், அங்கும் ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு தூண் உண்டு. “சுலுமோவானாவும் வரணும். உங்கள்ல யாரு?”

ஃபெலேத்தி வேட்டியை நீவிவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். போச்சு, பன்றியும் போச்சு, பெயரும் போச்சு என்று மாசினா நினைத்துக்கொண்டாள்.

அப்போது சவோலோ தேன் ஒழுகப் பேசினார். “ஆயிரத்து நானூறு. ரொம்ப சந்தோசம் தம்பி. இனி ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா காது குளிரக் கேக்கலாம். ஏறின பேரு எறங்கினா நல்லாருக்காது பாருங்க.”

ஃபெலேத்தியின் கால் நின்றுவிட்டது. ஆக்லாந்தில் அவனுக்கு வீட்டுக்கடன் இருக்கிறது, படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவன் முகத்தில் கணக்கு ஓடுவதை மாசினா கண்ணாலேயே பார்த்தாள்.

“ஐயா,” என்றான் போதகரிடம், “தங்கச்சி இருக்கையில அண்ணன் முன்னால நடக்கலாமா? நான் குடுத்ததும் அவ குடுத்ததுதான். சுலுமோவானா அவதான். எங்கப்பா வழிக்காரங்க சார்புல நான் சம்மதிக்கிறேன்.”

கூட்டம் உருகிப்போனது. இந்தக் காலத்தில் இப்படி ஓர் அண்ணனா என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாசினா துடைக்கவில்லை. அவளுக்கு உண்மை தெரியும். பயந்துபோய்க் கொடுத்தால் என்ன, பாசத்தில் கொடுத்தால் என்ன, பெயர் பெயர்தானே? காதுக்குள் கடல் இரைந்தது, அவ்வளவு சந்தோஷம்.

சவோலோ விடவில்லை. “உன்னால முடியுமாம்மா? உங்கிட்ட இருந்தது ஒரே பன்னி.”

“முடியாதுங்க,” என்றாள் மாசினா. “அடுத்த தடவ அம்பது தாலாதான் வரும். அதையும் சுலுமோவானான்னு சத்தமா வாசிக்கச் சொல்லுங்க.”

போதகரைத் தாண்டி உள்ளே போய், காலியாக இருந்த சுலுமோவானாவின் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள்.