யாரோட ஒயர் இது?

பவுல்சாமியிடம் போய் மொட்டைமாடிச் சாவி கேட்பதைவிட, இன்டர்நெட் ஒயரை நானே பல்லில் கடித்துக்கொண்டு நிற்கலாம் என்று தோன்றியது.

சாந்தோமில் எங்கள் சந்தில், எட்டு வீடுகள் உள்ள எங்கள் அடுக்ககத்துக்கு அவர்தான் செயலாளர். மாதா கோயில் தேர்க் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். சாவிக்கொத்தை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பதற்கென்றே பிறந்த மனிதர். ஒரு வாட்ஸ்அப் குழு வேறு நடத்துகிறார். தண்ணீர் மோட்டார் ஓடாது என்று ஒரு வரி எழுதினால், அதற்குக் கீழே முப்பது கும்பிடு பொம்மைகள். "இது சங்கமா, சந்தைக்கடையா?" என்று கேட்டுவிட்டுப் போன வருடமே அதிலிருந்து வெளியேறிவிட்டேன்.

வெளியேறுவது எனக்குப் பழக்கம்தான். இருபத்து மூன்று வருடம் ஆங்கிலம் நடத்திய பள்ளியை விட்டும் அப்படித்தான் வந்தேன். தலைமையாசிரியைக்குத் தலையும் இல்லை, ஆசிரியத் தகுதியும் இல்லை என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். ஏழு மாதமாக ரெனிட்டா வேலைக்குப் போகிறாள், அவள் புருஷன் நான் வீட்டில் இருக்கிறேன். என் வயதுக்கு வேறு எந்தப் பள்ளியும் கூப்பிடவில்லை.

கடைசியில் துபாய் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பாடம் எடுக்கும் ஒரு கம்பெனி கூப்பிட்டது. சனிக்கிழமை மாலை ஆறரைக்கு மாதிரி வகுப்பு. ஃபைபர் லைன் கட்டாயம். நடுவில் அறுந்தால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை லைன் இழுக்க வடிவேலு என்பவன் வந்தான். அடையாற்றங்கரையில் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்குத் தூக்கிப் போட்டதாகவும், அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவதாகவும் சொன்னான். நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான்.

"சார், மாடி சாவி யார்கிட்ட கீது? மத்த வீட்டு ஒயர்லாம் மேலாலதான் போவுது."

"சாவியெல்லாம் வேணாம். எதிர்க் கம்பத்துலேருந்து நேரா என் பால்கனிக்கு இழு."

"ஃபர்ஸ்ட் ஃப்ளோர் சார் இது. ரோட்டுக்குக் குறுக்கால தாழ்வா வரும். நாளிக்குத் தேராச்சே? வரசொல்ல பாத்தேன், சர்ச்சுல சோடிச்சிகினு கீறாங்க."

"தேர் இந்தப் பக்கம் வராது. மழைநீர்க் கால்வா தோண்டினதுலேருந்து ரெண்டு வருஷமா வேற தெருவுலதான் போகுது."

"இந்த வர்சமும் அப்டித்தானா? யாரையாச்சும் ஒரு வார்த்த கேட்டுக்க சார்."

"எனக்குத் தெரியும்."

ஒயர் இழுக்க வந்தவன் எனக்கு ஊர்நடப்புச் சொல்லித்தருகிறான். தொய்வில்லாமல், கோடு போட்டதுபோல் இழுக்கச் சொன்னேன். இழுத்தான். ஆனாலும் அவன் புத்தி போகவில்லை. பால்கனிக் கம்பியில் ஒரு கொக்கியைப் போட்டு ஒயரை அதில் மாட்டி, உள்ளே இரண்டு சுற்று மிச்சம் வைத்தான். "கொக்கிலேருந்து எடுத்தாப் போதும், லூசாயிடும். கழி போட்டுத் தூக்கிக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். தேருக்கு முன்னால் இரண்டு பேர் கவட்டை மூங்கிலோடு வருவார்கள். தாழ்வாக ஒயர் குறுக்கிட்டால் யாருடையது என்று குரல் கொடுப்பார்கள். வீட்டுக்காரர் பால்கனிக்கு வந்து தளர்த்திவிடுவார், அவர்கள் தூக்குவார்கள், தேர் போகும். மூன்று குரலுக்கும் ஆள் வரவில்லை என்றால் அது செத்த ஒயர் என்று அர்த்தம், நறுக்கிவிடுவார்கள். கேபிள் டிவி காலத்தில் நானே எத்தனையோ தடவை தளர்த்திவிட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு, ஜெபமாலையும் கையுமாகக் கிளம்பும்போது ரெனிட்டா வாசலில் நின்று, "தேரு இந்த வருஷம்..." என்று ஆரம்பித்தாள்.

"கோயில் கதையெல்லாம் அப்புறம். எனக்கு வகுப்பு இருக்கு," என்றேன். போய்விட்டாள்.

ஆறரைக்குத் திரையில் நிஷா என்ற ஒன்பது வயதுப் பெண் வந்தாள். மூலையில் கம்பெனியின் லாவண்யா, மதிப்பெண் போட. நான் நன்றாக நடத்தினேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பத்தாவது நிமிடத்தில் அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள், லாவண்யாவும் சிரித்தாள். வேலை கிடைத்துவிட்டது என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

அப்போது பேண்டு வாத்தியம் சந்துக்குள் திரும்பியது.

முதலில் மரியே வாழ்க கோஷம் கடந்து போனது. ரெனிட்டா அந்தக் கூட்டத்தோடு முன்னால் போயிருக்க வேண்டும். பிறகு டிரம் நின்றது. ஜன்னலுக்கு நேர் கீழே பவுல்சாமியின் குரல்.

"யாரோட ஒயர் இது? வந்து கழட்டி வுடுங்கப்பா!"

என் நாற்காலியிலிருந்து பால்கனிக்கு ஆறே எட்டு. "ஒரு நிமிடம்" என்று சொன்னால் லாவண்யா ஒன்றும் தலையை வாங்கிவிட மாட்டாள். ஆனால் கோயில் பங்கு மக்கள் மொத்தமும் அண்ணாந்து பார்க்க, அந்த ஆள் போட்ட உத்தரவுக்கு நான் போய்க் கொக்கியைக் கழற்ற வேண்டும். "அடடே, ஃபிரெட்ரிக் சாரா! முன்னாடியே கேட்டிருந்தா சாவி குடுத்திருப்பேனே" என்று அவர் சொல்வார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு என் கண்முன் வந்து நின்றது.

"யாரோட ஒயருங்க?"

நான் நிஷாவிடம் அடுத்த கேள்வியைக் கேட்டேன். குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் கேட்டேன்.

"கடைசியாக் கேக்கறேன். ஆள் இருக்கீங்களா இல்லியா?"

நிஷா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. கீழே பேண்டு மறுபடி ஆரம்பித்தது, மாதாவின் கிரீடம் என் பால்கனியை உரசுகிற மாதிரி மெதுவாக நகர்ந்து போனது. செல்போனில் முயன்றேன். அத்தனை கூட்டத்தில் சிக்னல் எங்கே வரும்? லைன் கிடைத்தபோது லாவண்யாவின் செய்தி வந்திருந்தது. நன்றி, இப்போதைக்கு இயலாது, இரண்டே வரி.

எட்டு மணிக்கு ரெனிட்டா வந்தாள். கையில் மல்லிகைச் சரமும் ஒரு சாவியும்.

"அவங்க நறுக்குனது நம்ம ஒயராச்சே. நான் சொன்னதும் பவுல்சாமிக்கு மனசே ஆறல. நாளைக்கு மாடி வழியா இழுத்துக்கச் சொல்லி சாவியக் குடுத்தனுப்பியிருக்காரு." சாவியை மேஜைமேல் வைத்தாள். "மூணு தடவ கூப்பிட்டாங்களாமே. நீங்க வீட்டுலதான இருந்தீங்க?"

"காது கேக்கல," என்றேன்.

அவள் பூவைக்கூட வைக்காமல் நின்று என் முகத்தைப் பார்த்தாள். பவுல்சாமியை நான் அப்படித்தான் பார்ப்பேன்.